சாகாத கோழி இதயமும் சாகும் உயிரணுவும்

மூப்பு ஏன் வருகிறது என்ற வினாவை அறிவியல் தன் ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவந்து நூறாண்டுக்கு மேலாகிறது. அந்நூறாண்டில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரு பிழையின் நிழலில் கழிந்தன. அப்பிழையைச் செய்தவர் நோபல் பரிசு பெற்றவர். அதைக் காத்து நின்றவர்கள் உலகின் தலைசிறந்த ஆய்வாளர்கள். அதனால் தலைகுனிந்தவர்களோ, குடுவையில் தாம் வளர்த்த உயிரணுக்கள் இறந்துபோனதற்குத் தம் கைத்திறனையே நொந்துகொண்ட மாணவர்களும் உதவியாளர்களும். ஆயுள் நீட்டிப்பு என்று இன்று நாளேடுகள் விரும்பி எழுதும் துறை இக்கதையிலிருந்தே கிளைத்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருசேரப் படிக்கும் இவ்வரிசை நூலில் அதைச் சற்று விரிவாகக் காண்பது பொருந்தும் என எண்ணுகிறோம்.

நம் வட்டாரத்தில் உயிரணு என வழங்குவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செல் என்றும் இலங்கைப் பாடநூல்கள் கலம் என்றும் குறிக்கின்றன. மூன்றும் ஒன்றே. அந்த உயிரணு தன்னளவில் சாகுமா, அல்லது உடல் சாவதால் அதுவும் உடன் சாகிறதா என்பதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கேள்வி. செருமானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் 1881இல் ஆற்றிய ஓர் உரையில் இதற்கு விடை கூறினார். தேய்ந்துபோன திசு தன்னை என்றென்றும் புதுப்பித்துக்கொள்ள இயலாது, உடல் உயிரணு இத்தனை முறைதான் பிரியும் என்றொரு வரம்பு இருக்க வேண்டும் என்றார். இது கருத்தளவிலான ஊகம்தான். சோதித்துப் பார்க்க அன்று வழியில்லை. உடலுக்கு வெளியே உயிரணுவை உயிரோடு வைத்திருக்கும் கலை அப்போது பிறக்கவில்லை.

அக்கலை பிறந்தது 1907இல். அமெரிக்க விலங்கியலாளர் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை உறைந்த நிணநீர்த் துளியில் வைத்து, நரம்பிழை நீண்டு வளர்வதைக் கண்ணாடி வில்லையின் மேலேயே கண்டார். வளர்ச்சியை உயிரோடு பார்க்க முடியும் என்பதைக் காட்டியதோடு அவர் மனநிறைவு கொண்டார். அவ்வழியை உலகறியச் செய்தவர் வேறொருவர்.

அலெக்சிஸ் கேரல் 1873இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரை ஒட்டிய ஊரில் பிறந்தவர். 1894இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோனில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டதால் மருத்துவர்கள் கைகட்டி நிற்க, அவர் உயிர் பிரிந்தது. அறுந்த இரத்தக் குழாயை ஏன் தைக்க முடியாது என்ற எண்ணம் அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த கேரலைப் பற்றிக்கொண்டது. பட்டுக்கும் பின்னல் வேலைக்கும் பெயர்பெற்ற நகரம் லியோன். அங்கே பூத்தையல் தொழில் செய்த ஒரு பெண்ணிடம் நுண்ணிய ஊசியையும் இழையையும் கையாளும் முறையைக் கற்றார். மெல்லிய குழாய்களின் விளிம்பை மூன்று இடங்களில் இழுத்துப் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் அவர் முறையே பின்னாளில் உறுப்புமாற்று அறுவைக்கு அடித்தளமாயிற்று. 1906இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் கழகத்தில் சேர்ந்தார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தத் தையல் முறைக்காகவே. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. கைத்திறனில் அவருக்கு நிகர் எவருமில்லை என்பது உண்மை. அவ்வுண்மையே அடுத்து வந்த பிழைக்கு அரணாகவும் நின்றது.

1912 ஜனவரி 17ஆம் நாள் கேரல் ஒரு கோழிக் கருவின் இதயத்திலிருந்து சிறு துணுக்கு ஒன்றை எடுத்து, உறைந்த இரத்த நீர்மத்தில் வைத்து வளர்க்கத் தொடங்கினார். சில நாள்களுக்கு ஒருமுறை அதைக் கழுவி, வெட்டிப் பகுத்து, கோழிக் கருவைப் பிழிந்தெடுத்த சாற்றோடு புதிய ஊடகத்திற்கு மாற்றினர். துணுக்கு வளர்ந்தது. மாதங்கள் கடந்தன, ஆண்டுகளும் கடந்தன. கோழியின் வாழ்நாளையும் தாண்டி அந்தத் திசு வளர்ந்துகொண்டே இருந்தது. திசுக்கள் உடலுக்கு வெளியே நிலைத்து வாழும் என்று கேரல் அவ்வாண்டிலேயே ராக்கஃபெல்லர் கழகத்தின் ஆய்விதழில் அறிவித்துவிட்டார். முதல் உலகப்போரின்போது அவர் பிரான்சுக்குச் சென்றபின் பேணும் பொறுப்பு ஆல்பர்ட் எபலிங் என்ற உதவியாளரின் கைக்கு வந்தது.

கேரலின் அறுவைக் கூடத்தில் ஒளி கூசாதிருக்கக் கருநிற உடையும் கருநிற முக்காடும் அணிந்து பணிபுரிவர். இந்தக் காட்சியும் சாகாத இதயம் என்ற செய்தியும் சேர்ந்தால் நாளேடுகளுக்கு வேறென்ன வேண்டும்? நியூயார்க் ஏடொன்று ஆண்டுதோறும் ஜனவரியில் அந்தத் திசுவின் பிறந்தநாளை முன்னிட்டு நலம் கேட்டறிந்து செய்தி வெளியிட்டது. வெட்டி எறிந்த பகுதிகளை எல்லாம் வளர்த்திருந்தால் இன்று எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்ற வியப்புக் கணக்குகளும் போடப்பட்டன. கண்ணாடிக் கலத்தில் ஒரு முழு இதயம் துடித்துக்கொண்டிருப்பதாகவே பொதுமக்கள் நம்பினர். உண்மையில் தொடக்கக் காலத்தோடு துடிப்பு நின்றுவிட்டது. எஞ்சியிருந்தவை இணைப்புத் திசுவின் உயிரணுக்களே.

இதனால் விளைந்தது வெறும் பரபரப்பு மட்டுமன்று. உயிரணு தன்னளவில் சாவற்றது என்றால், மூப்புக்கான காரணத்தை உயிரணுவுக்குள் தேடுவது வீண். அது உயிரணுக்களுக்கு வெளியே, உடல் நீர்மங்களில் அல்லவா இருக்க வேண்டும்? வயது முதிர்ந்த விலங்கின் குருதிநீர் உயிரணு வளர்ச்சியைத் தடுக்கிறது என்று கேரல் ஆய்ந்து காட்டியதும் இக்கருத்துக்கு வலுவூட்டியது. வைஸ்மானின் ஊகம் பழங்கதையானது. உயிரணு எத்தனை முறை பிரியும் என்று எண்ணிப் பார்க்கும் தேவையே இல்லை என்றாகிவிட்டது.

இத்தனைக்கும் பிற ஆய்வுக்கூடங்களில் சாதாரண உயிரணுக்கள் சில மாதங்களில் இறந்துகொண்டுதான் இருந்தன. இறந்தபோதெல்லாம் காரணம் ஆயத்தமாகக் கையில் இருந்தது. குடுவை சரியாகக் கழுவப்படவில்லை. நீரில் ஏதோ கலப்பு. ஊடகத்தில் இன்னும் கண்டறியப்படாத ஒரு சத்துக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கேரலின் கை நமக்கு வாய்க்கவில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் விடை பாடநூலோடு ஒத்துவராதபோது மாணவர் என்ன செய்கிறார் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். அளவையைத் திருத்தி எழுதிவிடுகிறார். உலகெங்கும் வளர்ந்த மனிதர்கள் ஐம்பது ஆண்டுகள் ஏறத்தாழ அதையே செய்தனர். ஆனால் திருத்தி எழுதவில்லை, எழுதாமலே விட்டனர். தோற்ற சோதனைகள் ஆய்விதழ்களுக்குச் செல்லவில்லை.

கேரல் 1935இல் எழுதிய நூலொன்று பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பெருவாரியாக விற்றது. தகுதியற்றோர் என்று தாம் கருதியவர்களை நச்சுவளியால் மாய்ப்பதைப் பரிந்துரைத்த பக்கங்களும் அதில் உண்டு. சாவற்ற உயிரணுவைப் பேணியவரின் கையே இதையும் எழுதியது என்பதை வரலாறு மறைக்க வேண்டியதில்லை. அவர் 1944இல் பாரிசில் இறந்தார். எபலிங் 1946வரை கோழித் திசுவைப் பேணி, பின் தாமே முடித்துவைத்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் வளர்ந்த திசு குப்பைக்குப் போயிற்று. அதை யாரும் மறுபடி சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் அன்றோடு போயிற்று.

ஐந்தாண்டுகளில் வேறொரு சாகாத உயிரணு வந்தது, இது பொய்யன்று. 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள், ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்தில் நிற்காமல் பெருகின. அப்பெண் அவ்வாண்டு அக்டோபரில் தம் 31ஆம் வயதில் இறந்தார். அவரிடம் இசைவு எதுவும் கேட்கப்படவில்லை. ஹீலா எனப்படும் அவ்வுயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. ஹீலா பெருகியதைக் கண்டவர்கள், கேரல் சொன்னது சரிதான் என்று மேலும் உறுதிகொண்டனர். அது புற்றுநோய் உயிரணு என்ற வேறுபாடு அவர்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை.

இந்நிலையில்தான் லெனர்ட் ஹேஃப்லிக் வருகிறார். 1928இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த அவர், அந்நகரின் விஸ்டார் கழகத்தில் பிற ஆய்வாளர்களுக்கு உயிரணு வளர்த்துத் தரும் பணியில் 1958இல் அமர்த்தப்பட்டார். பெரிய பதவியன்று. மூப்பைப் பற்றி ஆராய வேண்டும் என்ற நோக்கமும் அவருக்கில்லை. மனிதப் புற்றுநோய்க்கு நச்சுயிரி காரணமா என்று அறிய விரும்பினார். அதற்கு நச்சுயிரித் தொற்று இல்லாத இயல்பான உயிரணுக்கள் வேண்டும் என்பதால் கருத்திசுவிலிருந்து வளர்த்தார்.

முறை எளியது. குடுவையின் அடிப்பரப்பு நிறைந்ததும் உயிரணுக்களைப் பிரித்து இரண்டு குடுவைகளில் பாதி பாதியாக இடுவர். அவை மீண்டும் நிறைந்தால் ஓர் இரட்டிப்பு முடிந்தது என்று கணக்கு. ஏறத்தாழ ஐம்பது இரட்டிப்புகளுக்குப் பின் வளர்ச்சி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. ஐம்பது என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஓர் உயிரணு ஐம்பது முறை இரட்டித்தால் ஆயிரம் இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட உயிரணுக்கள் ஆகும் என்பதை மாணவர்கள் தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மற்றவர்களைப் போலவே ஹேஃப்லிக்கும் முதலில் தம் கையைத்தான் ஐயுற்றார். பின்னர் ஒன்றைக் கவனித்தார். நின்றுபோன குடுவைகள் எல்லாம் நெடுநாள் வளர்ந்தவை. அதே அடைவெப்பப் பெட்டியில், அதே ஊடகத்தில், அதே மனிதர் கழுவிய கண்ணாடியில், அண்மையில் தொடங்கிய குடுவைகள் செழித்து வளர்ந்தன. ஊடகம் குற்றமுடையது என்றால் அது முதியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வானேன்? குறை வெளியே இல்லை. உயிரணுவுக்குள் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இதை மெய்ப்பிக்க அவரும் குரோமோசோம் வல்லுநர் பால் மூர்ஹெட்டும் செய்த சோதனை எவ்வகுப்பிலும் விளக்கத்தக்க எளிமையுடையது. ஏறத்தாழ 40 இரட்டிப்புகளைக் கடந்த ஆண் உயிரணுக்களையும், 10 மட்டுமே கடந்த பெண் உயிரணுக்களையும் சம அளவில் ஒரே குடுவையில் கலந்தனர். ஆண் பெண் வேறுபாட்டைக் குரோமோசோம்கள் காட்டிக்கொடுக்கும். கலக்காமல் தனியே வைத்த ஆண் உயிரணுக்கள் வளர்ச்சி நின்ற வேளையில் கலவைக் குடுவையைப் பார்த்தனர். அங்கே பெண் உயிரணுக்களே இருந்தன. ஒரே நீரைக் குடித்து ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவற்றுள் முதியவை மாண்டன, இளையவை வாழ்ந்தன. நச்சுயிரியோ ஊடகக் குறையோ இப்படிப் பால் பார்த்துத் தாக்காது.

இன்னொன்றும் கண்டனர். உயிரணுக்களைக் கடுங்குளிரில் உறைய வைத்தால் அவற்றின் பெருக்கம் நின்றுவிடும். மீண்டும் இளக்கும்போது விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடரும். 20 இரட்டிப்புகளில் உறைய வைத்தவை, இளக்கியபின் ஏறத்தாழ 30 இரட்டிப்புகளே செய்யும். இடையில் கழிந்த காலத்தை அவை கணக்கில் கொள்வதில்லை. உயிரணு நாள்காட்டியைப் பார்ப்பதில்லை; தான் பிரிந்த முறைகளையே எண்ணுகிறது.

கட்டுரையை ராக்கஃபெல்லர் கழகத்தின் ஆய்விதழுக்கு அனுப்பினர். 1912இல் கேரலின் அறிவிப்பு வெளிவந்த அதே இதழ். அங்கே அப்போது ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் பெய்ட்டன் ரவுஸ். நச்சுயிரியால் கோழிக்குப் புற்றுநோய் வரும் என்பதை 1911இலேயே கண்டறிந்து, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்து 1966இல் நோபல் பரிசு பெற்றவர். தம் கண்டுபிடிப்பை உலகம் ஏற்க மறுத்த வலியை அவரைவிட அறிந்தவர் இருக்க முடியாது. அவரே இக்கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். தகுந்த சூழல் தரப்பட்டால் உயிரணுக்கள் முடிவின்றிப் பெருகும் என்பதே ஐம்பதாண்டுத் திசு வளர்ப்பு கற்பித்த பேருண்மை என்பது அவர் மறுமொழியின் சாரம். பின்னர் 1961இல் வேறோர் இதழ் அதை வெளியிட்டது.

வெளியிட்டாலும் நம்புவோர் குறைவு. ஹேஃப்லிக் ஒரு வழி கண்டார். உயிரணு வளர்ப்பில் பெயர்பெற்ற ஐயவாதிகள் சிலருக்குத் தம் உயிரணுக்களை அனுப்பி, இன்ன காலத்தில் இவை வளர்ச்சி நிற்கும் என்று முன்கூட்டியே தெரிவித்தார். சொன்ன காலத்தில் நின்றன. வாதத்தால் வெல்ல முடியாதவர்களை அவர்கள் தம் கையாலேயே காண வைத்த இச்செயல்தான் அவருடைய கட்டுரையைவிட அதிகம் வென்றது என்பது நம் கருத்து. ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபர்லேன் பர்னெட் 1974இல் இதற்கு ஹேஃப்லிக் வரம்பு என்று பெயரிட்டார்.

அப்படியானால் கேரலின் திசு எப்படி முப்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது? ஹேஃப்லிக் தந்த விளக்கம் பெரும்பாலோரால் ஏற்கப்படுகிறது. ஊட்டமாக இட்ட கோழிக்கருச் சாற்றில், சரிவர வடிகட்டப்படாமையால், உயிருள்ள புதிய உயிரணுக்கள் எஞ்சியிருந்திருக்கும். ஒவ்வொரு முறை உணவளித்தபோதும் பழைய குடிகளோடு புதிய குடிகளும் சேர்ந்துகொண்டன. அறியாமல் நிகழ்ந்ததா, அறிந்தே விடப்பட்டதா என்ற ஐயமும் உண்டு. வளர்ப்பு நலிந்தபோது புதிய கரு உயிரணுக்களை இடுவோம் என்று அக்கூடத்துப் பணியாளர் ஒருவர் வருகையாளரிடம் கூறியதாகவும் வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். எதுவாயினும், அச்சோதனையை வேறெவரும் மீண்டும் செய்து காட்டவில்லை என்ற ஒன்றே அதை ஐயுறப் போதுமானதாக இருந்தது. அந்த ஐயத்தை எழுப்பத்தான் ஐம்பதாண்டு ஆயிற்று.

ஹேஃப்லிக் வளர்த்த வகைகளுள் ஒன்று டபிள்யூ.ஐ.-38. சுவீடனிலிருந்து வந்த கருத்திசுவிலிருந்து 1962இல் எடுக்கப்பட்டது. அந்தத் தாயிடமும் இசைவு கேட்கப்படவில்லை. தூய்மையான இயல்பு உயிரணுக்கள் என்பதால் தடுப்பூசி ஆக்கத்திற்கு அவை ஏற்றவையாயின. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றோடு சேர்த்து நம் பிள்ளைகளுக்குப் போடப்படும் ஜெர்மன் தட்டம்மைத் தடுப்பூசி, இவ்வகை மனித உயிரணுக்களில் வளர்த்த நச்சுயிரியிலிருந்து செய்யப்படுவதே. நீண்ட வாழ்வு பற்றிய எந்த மருந்தையும்விட இந்தச் சாகும் உயிரணுக்கள் மனித ஆயுளுக்கு ஆற்றிய தொண்டு பெரிது.

உயிரணுவுக்குள் எண்ணுவது எது? அதற்கான முதல் விடை மாஸ்கோவின் நிலத்தடி இரயில் நிலையத்தில் தோன்றியது. 1966இல் ஹேஃப்லிக் வரம்பு பற்றிய விரிவுரையைக் கேட்டு வெளிவந்த அலெக்சி ஒலோவ்னிகோவ், நடைமேடையில் நின்றபடி இரயிலை நோக்கினார். இரயிலின் முகப்புக்கும் முதல் கதவுக்கும் இடையே எப்போதும் சிறு தொலைவு உண்டு. அவ்விடத்தில் நிற்பவருக்கு ஏற வழியில்லை. டி.என்.ஏ. இழை தண்டவாளம் என்றும் அதைப் படியெடுக்கும் நொதி இரயில் என்றும் கொண்டால், இழையின் கோடியில் ஒரு சிறு பகுதி ஒவ்வொரு முறையும் படியெடுக்கப்படாமல் விடுபட்டுப்போகும். ஒவ்வொரு பிரிவிலும் இழை சற்றுக் குறுகும். குறுகிக் குறுகி ஓர் எல்லையை எட்டியதும் பிரிவு நிற்கும். 1971இல் ரஷ்ய மொழியில் இதை வெளியிட்டார். ஆய்வுச் சான்று ஒன்றுகூட அப்போது அவர் கையிலில்லை. தனியே இதே சிக்கலை 1972இல் ஜேம்ஸ் வாட்சனும் சுட்டினார்.

குரோமோசோமின் இந்தக் கோடிகளுக்கு டெலோமியர் என்று பெயர். சேலைத் தலைப்பின் நூல் பிரியாதிருக்கக் குஞ்சம் கட்டுவதைப் போன்றவை அவை. தாஸ்மானியாவில் பிறந்த எலிசபெத் பிளாக்பர்ன், யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் காலுடன் பணியாற்றி, குளத்துநீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஓரணுவுயிரியின் குஞ்சம் ஆறெழுத்து கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதால் ஆனது என்று 1978இல் வெளியிட்டார். மனிதரிடமும் அதற்கு மிக நெருங்கிய தொடரே உண்டு என்பது பத்தாண்டு கழித்துத் தெரிந்தது. குளத்து உயிரி முடிவின்றிப் பிரிகிறதே, அதன் குஞ்சம் ஏன் தேய்ந்துபோவதில்லை? இழந்ததை மீண்டும் சேர்க்கும் நொதி ஒன்று இருக்க வேண்டும்.

அதைத் தேடும் பணியை ஏற்றவர் பெர்க்லியில் பிளாக்பர்னின் முனைவர் பட்ட மாணவியான கேரல் கிரைடர். எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்படும் குறைபாட்டோடு பள்ளிப் பருவத்தைக் கடந்தவர். தேர்வு மதிப்பெண் குறைவென்று பல பல்கலைக்கழகங்கள் அவரை ஏற்கவில்லை. 1984 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆய்வுக்கூடம் வந்து படச்சுருளைப் பார்த்தார். ஆறெழுத்துக்கு ஒரு படியாக ஏணி போன்ற வரிகள் தெரிந்தன. அப்போது அவருக்கு வயது 23. அவர் அடுத்துச் செய்ததை நாம் கேரலோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. உடனே அறிவிக்கவில்லை. அது வேறொரு நொதியின் வேலையாக இருக்கலாம் என்று மாதக்கணக்கில் தம் முடிவையே தாக்கிப் பார்த்தார். எல்லாத் தாக்குதலையும் அது தாங்கிய பின்னரே 1985 இறுதியில் கட்டுரை வெளிவந்தது. டெலோமரேஸ் எனப்பட்ட அந்நொதிக்காக பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவரும் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதே ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, அதன்பின் உயிரியலை அடியிலிருந்து கற்றுப் புரத ஆக்கக் கூடமான ரைபோசோமின் வடிவத்தைக் கண்டவர். நாம் ஏன் இறக்கிறோம் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்ட நூலை 2024இல் அவர் வெளியிட்டார். வணிக ஆர்வம் பெருகிவிட்ட இத்துறையில் எது சான்று, எது விளம்பரம் என்று பிரித்துக் காட்டும் நூல் அது.

பிரித்துக் காட்டத் தேவை ஏராளம். 1998இல் டெலோமரேஸ் மரபணுவை இயல்பான மனித உயிரணுக்களுள் செலுத்தியபோது அவை ஹேஃப்லிக் வரம்பைக் கடந்து பிரிந்தன. மூப்புக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற ஆரவாரம் எழுந்தது. ஆனால் மனிதப் புற்றுநோய்களுள் பத்தில் எட்டு, ஒன்பதில் இதே நொதி விழித்திருக்கிறது. ஹீலாவின் சாவின்மைக்கும் அது காரணம். வரம்பு என்பது உடல் தனக்கு இட்டுக்கொண்ட காவலாகவும் இருக்கிறது. மேலும், ஆய்வுக்கூட எலிகளின் டெலோமியர் மனிதருடையதைவிட நீளமானது. எலி வாழ்வதோ இரண்டு மூன்று ஆண்டுகள். டெலோமியரின் நீளத்தை அளந்து உம் ஆயுளைச் சொல்கிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் இந்த ஓர் எலியைக் காட்டினால் போதும்.

ஆய்வு இதனால் நின்றுவிடவில்லை, திசை மாறியது. பிரிவு நின்ற உயிரணுக்கள் உடனே மடிவதில்லை. உடலுள் தங்கி, அழற்சியூட்டும் பொருள்களைச் சுரந்து அண்டையில் உள்ளவற்றையும் கெடுக்கின்றன என்பது ஜூடித் கம்பிசி முதலியோரின் ஆய்வால் தெளிவாயிற்று. விரைவாக மூப்படையும்படி மாற்றப்பட்ட எலிகளிடமிருந்து அத்தகைய உயிரணுக்களை நீக்கியபோது மூப்பு நோய்கள் சில தள்ளிப்போயின என்று 2011இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் காட்டினர். குடுவைக்குள் எண்ணிய எண்ணம் உடலுக்குள்ளும் பொருளுடையதே என்பதற்கு அது வலுவான சான்று.

இத்தொடரின் அண்மைக் கண்ணி ஒன்று நமக்கு மிக அருகில் உருவானது. சிங்கப்பூரின் டியூக்-என்.யூ.எஸ். மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள், இன்டர்லியூகின்-11 என்ற அழற்சிப் புரதம் வயது ஏற ஏற எலியின் உறுப்புகளில் மிகுவதைக் கண்டனர். அதைத் தடுக்கும் மருந்தை 75 வார வயதுடைய எலிகளுக்கு ஊசி வழியே கொடுக்கத் தொடங்கினர். மனிதக் கணக்கில் அது ஐம்பதைத் தாண்டிய பருவம். ஆண் எலிகளின் இடைநிலை ஆயுள் 22.5 விழுக்காடும் பெண் எலிகளின் ஆயுள் 25 விழுக்காடும் கூடின. கொழுப்புக் குறைந்தது, தசை வலுப்பெற்றது. முடிவுகள் 2024 ஜூலை 17ஆம் நாள் வெளிவந்தன. எலிக்கு ஆனது மனிதருக்கும் ஆகுமா என்பதைச் சொல்ல எலிகளால் இயலாது. இப்புரதத்தைத் தடுக்கும் மருந்துகள், நுரையீரல் நார்த்திசு நோயுடைய மனிதர்களிடம் தொடக்கநிலைச் சோதனையில்தான் உள்ளன. ஆயுளைக் கூட்டுவதற்கான சோதனை அதுவன்று. மற்ற கூடங்களும் இதே எலிச் சோதனையைத் தம் கையால் செய்து பார்க்க வேண்டும். கேரலின் கூடத்திற்கு வெளியே நிகழாமற்போனது அதுதான்.

ஹேஃப்லிக் தம் வரம்பின் பெயரால் விற்கப்பட்ட மூப்புத் தடுப்பு மருந்துகளைக் கடைசிவரை எதிர்த்தார். மூப்பைத் தடுப்பதாகவோ திருப்புவதாகவோ மெய்ப்பிக்கப்பட்ட மருந்து எதுவும் சந்தையில் இல்லை என்று 51 அறிவியலாளர்கள் 2002இல் கையொப்பமிட்ட அறிக்கையை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். சிங்கப்பூர் எலிகளின் செய்தி வெளிவந்த பதினைந்தாம் நாள், 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் தம் இல்லத்தில் இறந்தார். அவருக்கு வயது 96. அவர் 1962இல் உறைய வைத்த உயிரணுக்களின் வழிவந்தவை இன்றும் திரவ நைட்ரஜனில் இருக்கின்றன. இளக்கினால், நிறுத்திய எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கும்.